அங்கீகரிக்கப்பட்ட தராசு

தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போகவேண்டுமாம். இதைச் சொல்வதற்கு ஒரு குளிரூட்டிய மண்டபமும் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பெண்ணும் தேவைப்பட்டிருக்கிறது. போத்தலைக் கண்டதும் கைக்குழந்தை வாயைத் திறக்கிறதே, அதற்கு யார் கருத்தரங்கு வைத்தது?

மதிவதனா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கருத்தரங்குகளுக்கென்று அவளிடம் ஒரு முகம் இருந்தது. லிங்கநகர் வீட்டில் காலையில் சேலை உடுத்தும்போதே அதையும் அணிந்துகொண்டு வந்துவிடுவாள். அது தலையாட்டும், வேண்டிய இடங்களில் புன்னகைக்கும். அதன் பின்னால் அவள் நிம்மதியாக, யாருக்கும் தெரியாமல், தனியாக இருப்பாள்.

மேடையில் நின்றவர் தவராசா. மாவட்டத்துக்கான முன்னறிவு இணைப்பாளர். பிள்ளைகள் புதிய விடயம் ஒன்றைத் தங்களுக்கு ஏற்கனவே பழக்கமான ஒன்றின் வழியாகத்தான் விளங்கிக்கொள்கிறார்கள் என்று தலைநகரில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதற்காக ஒரு செயற்றிட்டமும், செயற்றிட்டத்துக்காக ஒரு பதவியும், பதவிக்காக ஒரு வாகனமும் உண்டாகியிருந்தன. கண்டுபிடிப்பில் பிழை ஒன்றும் இல்லை. சரியான கண்டுபிடிப்பு ஒன்று அலுவலகத்துக்குள் நுழைந்தால் அதற்கு என்ன நடக்கும் என்பதை மதிவதனா அந்த வருடம் முழுவதும் பார்த்தாள்.

தவராசா இதற்கு முன் டெங்கு நுளம்பு ஒழிப்பு இணைப்பாளராக இருந்தவர். அதில் நல்ல பெயர் எடுத்தவர். அந்தப் பழக்கம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

“முன்னறிவு எண்டா என்ன? பிள்ளையின்ர மண்டைக்குள்ள ஏற்கனவே தேங்கி நிக்கிற விசயம்,” என்றார். “எங்க தேங்கி நிக்குது, எவ்வளவு காலமா நிக்குது, அதுக்குள்ள என்ன உற்பத்தியாகுது எண்டு நாங்கள் முதலில பாக்கவேணும். பிள்ளை பிள்ளையாப் போய்ப் பாக்கவேணும். கண்டுபிடிச்சா உடனடி நடவடிக்கை. அயல் பிள்ளையளையும் விடக்கூடாது.”

தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குத்தான் அவரும் போகிறார் என்று மதிவதனா நினைத்தாள். அந்த மண்டபத்தில் கோட்பாட்டைப் பின்பற்றிய ஒரே ஆள் அவர்தான்.

பிறகு எல்லோருக்கும் ஒரு கைநூல் கொடுக்கப்பட்டது. பாடத்தில் வரும் ஒவ்வொரு புதிய விடயத்துக்கும் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்திருக்கவேண்டிய ஒரு பொருள் அதில் விதிக்கப்பட்டிருந்தது. மறை எண்களுக்கு, நிலத்தின் கீழுள்ள வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் மின்னுயர்த்தி. சமன்பாட்டுக்கு, பலசரக்குக் கடையில் பிள்ளை தினமும் காணும் இரட்டைத் தட்டுத் தராசு. கைநூலை எழுதியவர் சிறுவயதில் எந்தக் கடைக்கு அனுப்பப்பட்டார் என்பது அதிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

மதிவதனா எழுந்தாள். “சேர், எங்கட பிள்ளையள் தட்டுத் தராசு கண்டதில்ல. மீன் சந்தையிலயும் இப்ப இலக்கம் காட்டுற தராசுதான்.”

“டீச்சர், நீங்கள் சொல்லுறது உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையளின்ர கதை. இதில நாங்கள் கதைக்கிறது பொதுவான பிள்ளையைப் பற்றி.”

“பொதுவான பிள்ளை எங்க படிக்குது சேர்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தவராசா கோபிக்கவில்லை. “கைநூலின்ர முன்னுரையில இருக்குது,” என்றார். பிறகு சிறிது யோசித்துவிட்டு, “உங்கட பள்ளிக்கூடத்தில முன்னறிவு இல்லையெண்டா நீங்கள் கவலைப்படத் தேவையில்ல. இல்லாத இடங்களுக்கு நாங்கள் விநியோகிப்பம்,” என்றார்.

விநியோகித்தார்கள்.

மதிவதனா படிப்பித்தது மூதூர்ப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடம். மதிலுக்கு ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் பஸ் பாதை. அந்தப் பாதையில் ஒரு நாள் காலை லொறி ஒன்று வந்தது. அதில் தராசும், தராசைப் பார்த்துக்கொள்ள இரண்டு உத்தியோகத்தர்களும், தராசை வரவேற்கும் பதாகையும் இருந்தன. பிள்ளைகள் வெயிலில் இரண்டு வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதப்பட்டது. அதிபர் லாபிர் வரவேற்புரையில் இந்தத் தராசு தன் கனவு என்று சொன்னார். விசாரணை எதிலும் மாட்டாமல் ஓய்வூதியம் எடுப்பதைத் தவிர அவருக்கு வேறு கனவு இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாடா வெட்டப்பட்டு, போர்வை நீக்கப்பட்டது. பித்தளைத் தராசு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு தட்டிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் இடது தட்டு இறங்கி நின்றது.

தவராசா வெட்டிய நாடாவைச் சுருட்டி வலது தட்டில் வைத்தார். தட்டுகள் மெல்ல ஆடி, நேராக நின்றன. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அந்த நாடாத் துண்டும் தராசின் ஒரு பாகமாகக் கருதப்பட்டது.

தராசைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டின் திறப்பு நகரத்து அலுவலகத்துக்குப் போய்விட்டது. எதையும் வைத்து நிறுக்கக்கூடாது, பாரம் வைத்தால் தேய்ந்துபோகும் என்று உத்தியோகத்தர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை தோறும் பிள்ளைகள் அலுமாரியைக் கடந்து வரிசையாக நடக்கவேண்டும். இதற்குப் பரிச்சயமாக்கல் என்று பெயர். பிள்ளைகள் நடந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்துகொண்டார்கள்.

எட்டாம் வகுப்பில் சமன்பாடு தொடங்கிய அன்று மதிவதனா கைநூல் சொன்னபடியே ஆரம்பித்தாள்.

“எல்லாரும் தராசு பாத்தீங்கள்தானே?”

“ஓம் டீச்சர்.”

“அதில ரெண்டு தட்டும் நேரா நிண்டா என்ன அர்த்தம்?”

முன்வரிசையில் நுஸ்ரத் கையை உயர்த்தினாள். “டீச்சர், அதுக்கு என்னத்துக்கு ரெண்டு தட்டு? ஒண்டில வைச்சா இலக்கம் வரும்தானே.”

மதிவதனா விளங்கப்படுத்தினாள். ஒரு பக்கம் படிக்கல், மற்றப் பக்கம் சாமான். படிக்கல் என்றால் என்ன என்று கேட்டார்கள். அதையும் விளங்கப்படுத்தினாள். படிக்கல்லை ஏன் இலக்கம் பார்த்து வாங்கவேண்டும், சாமானையே இலக்கம் பார்த்து வாங்கலாமே என்றார்கள். தெரிந்ததாக இருக்கவேண்டியதை விளங்கப்படுத்தவே பாடவேளையில் பாதி போய்விட்டது. இனிமேல் சமன்பாட்டைக் கொண்டு தராசை விளங்கப்படுத்துவதுதான் இலகு என்று அவளுக்குத் தோன்றியது. பேசாமல் திரும்பிப் பலகையில் எழுதினாள்: x + 2 = 5.

நுஸ்ரத் தலையைச் சரித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: “டீச்சர், இது வாப்பாட மோட்டச்சைக்கிள்.”

வகுப்பு சிரித்தது.

“சிரிக்காதீங்க. எப்பிடி எண்டு சொல்லுங்க நுஸ்ரத்.”

நுஸ்ரத்தின் வாப்பா தயிர் வியாபாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் பலகைப் பெட்டிகளைக் கட்டி, தயிர்ச்சட்டிகளை அடுக்கிக்கொண்டு காலையில் நகரத்துக்குப் போவார்.

“ஒரு பக்கப் பெட்டிய உம்மா அடுக்கி, சாக்கால மூடிக் கட்டிருவா. எத்தின சட்டி வைச்சாண்டு கேட்டா, வாய் ஓயாம கேக்காதேண்டு ஏசுவா. மற்றப் பக்கம் நான் அடுக்கோணும். நான் ஒண்டு ஒண்டா வைப்பன், வாப்பா சைக்கிளப் பிடிச்சிட்டு நிப்பார். நேரா நிண்டா ரெண்டு பக்கமும் சரி.” அவள் எழுந்து பலகைக்கு வந்து, x ஐத் தொட்டாள். “இது உம்மா மூடின பெட்டி. மேல ரெண்டு சட்டி கட்டியிரிக்கு. இந்தப் பக்கம் அஞ்சு சட்டி. சைக்கிள் நேரா நிக்கிது. இந்தப் பக்கம் ரெண்ட எடுத்தா அந்தப் பக்கமும் ரெண்ட எடுக்கோணும். அப்பயும் நேரா நிக்கும். அப்ப உம்மாட பெட்டிக்குள்ள மூணு.”

“ஒரு பக்கத்தில மட்டும் எடுத்தா?” என்று யாரோ கேட்டார்கள்.

“வாப்பா விழுந்துருவார்.”

அவ்வளவுதான். அந்தப் பாடவேளை முடிவதற்குள் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் சமன்பாடு விளங்கிவிட்டது. யாராவது ஒரு பக்கத்தில் மட்டும் கழித்துவிட்டால், “டேய், வாப்பா விழுந்துட்டார்,” என்று மற்றவர்கள் கத்தினார்கள். x − 2 வந்தபோது நுஸ்ரத் கொஞ்சம் திணறிவிட்டு, பெட்டியில் இரண்டு சட்டி உடைந்துபோயிற்று என்றாள். உடைந்த இரண்டையும் திரும்ப வைத்தால் மற்றப் பக்கமும் இரண்டு வைக்கவேண்டும். அதையும் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் தயிர் வாங்காத பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டார்கள். விழப்போகும் வாப்பா எல்லா வீட்டிலும் இருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது மதிவதனாவுக்குப் பெருமை வரவில்லை, ஒரு விதமான பயம்தான் வந்தது. நீந்தப் பழகிய அன்று, கால் நிலத்தைத் தேடாமல் விட்ட ஒரு கணத்தில் அவளுக்கு இதே பயம் வந்திருக்கிறது. ஒரு பிள்ளை கையில் கிடந்ததை எடுத்து, இதுவரை கண்டிராத ஒன்றைப் பிடித்து உயர்த்தியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்பதும் தெரிந்தது. இத்தனை வருடத்தில் தான் செய்த ஒரே நல்ல காரியம், அந்தக் கை உயர்ந்தபோது குறுக்கே போகாததுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதைக் குலைப்பதற்கென்று முன்னறிவு அளவீடு வந்தது.

தவராசா இரண்டு உத்தியோகத்தர்களோடு வந்தார். வகுப்புக்குள் நுழையும் முன் பின்பக்கம் போய்ப் பூச்சட்டிகளில் தண்ணீர் நிற்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகுதான் பிள்ளைகளிடம் வந்தார்.

“தராசைப் பற்றி உனக்கு ஏற்கனவே என்ன தெரியும்?”

“கண்ணாடிக்குள்ள இரிக்கி சேர்.”

“நல்லது. நீ?”

“மஞ்சள் நிறம் சேர்.”

“மிச்சம் நல்லது. நீ?”

“தொடக்கூடா சேர்.”

இந்தப் பதிலுக்கு அவர் அந்தப் பிள்ளையின் முதுகில் தட்டினார். மாவட்டத்தில் இதுவரை கிடைத்த விடைகளில் மிக ஆழமானது என்று உத்தியோகத்தர்களிடம் சொன்னார். பிறகு நுஸ்ரத்திடம் வந்து, தராசுக்கும் சமன்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்.

“தராசு தெரியா சேர். சமன்பாடு தெரியும். அது வாப்பாட மோட்டச்சைக்கிள் மாதிரி.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், உம்மா ஏசுவதைக்கூட விடவில்லை. தவராசாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மூடாத தண்ணீர்த் தாங்கிக்குள் டோர்ச் அடித்து, எதிர்பார்த்ததைக் கண்டுவிட்டவரின் முகம் அது.

“இது உனக்கு எங்க இருந்து வந்தது?”

“வீட்டில இருந்து சேர்.”

“வேற ஆருக்கும் இது இருக்கா?”

எல்லோரும் கையை உயர்த்தினார்கள். பெருமையாக உயர்த்தினார்கள்.

அவர் மதிவதனாவை வெளியே கூப்பிட்டார். “டீச்சர், வகுப்பு முழுக்கப் பரவியிருக்கு.”

“விடை சரிதானே சேர்.”

“விடை சரி. அதுதான் பயமா இருக்கு. பிழையெண்டா நாங்கள் திருத்திப்போடலாம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். “இது அங்கீகரிக்கப்படாத முன்னறிவு. நுவரெலியாவில இருக்கிற ஒரு பிள்ளைக்கு இந்தத் தயிர் வசதி கிடைக்குமா? அந்தப் பிள்ளைக்கு இல்லாத ஒண்டு இந்தப் பிள்ளைக்கு என்னத்துக்கு? சமத்துவம் எண்டா எல்லாப் பிள்ளையளுக்கும் முதலில ஒரே அளவாத் தெரியாமல் இருக்கவேணும். அதுக்குப் பிறகுதான் எல்லாருக்கும் ஒண்டா விளங்கப்படுத்தலாம்.”

“இப்ப விளங்கிட்டுதே சேர்.”

“விளங்கிட்டுது. ஆனா எங்களால விளங்கேல்லையே.”

நடவடிக்கை ஒரு வாரத்துக்குள் வந்தது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் தயிர் நிறுத்தப்பட்டது. மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் வாசலுக்கு எட்டத் தூரத்திலேயே இறக்கிவிடும்படி கேட்கப்பட்டார்கள். நுஸ்ரத் சீராக்கல் வகுப்புக்கு மாற்றப்படவேண்டும் என்று முடிவானது. சீராக்கல் வகுப்பு பழைய சைக்கிள் கொட்டிலில் நடக்கும். ஒரு வருடம் அங்கே இருந்து, உள்ளே தேங்கியது முழுவதும் வடிந்த பிறகு, அவள் எட்டாம் வகுப்பை மறுபடியும் முதலில் இருந்து தொடங்கலாம். செயற்றிட்டத்தின் விதிப்படி வகுப்பாசிரியர்தான், அதாவது மதிவதனாதான், பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைக்கவேண்டும். அப்படி ஒப்படைக்கும் வரை பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். அது பரிவுக்காகச் செய்த ஏற்பாடு என்று கைநூல் சொன்னது.

நுஸ்ரத்தின் உம்மா நஸ்ரியா மறுநாளே வந்துவிட்டாள். அதிபரின் அறையில் கதிரையில் இருக்காமல் நின்றாள்.

“சேர், எங்கட தயிர் புளிச்சுப் பெய்த்தா?”

“இல்ல தங்கச்சி. தயிரில ஒரு பிரச்சினையும் இல்ல,” என்றார் லாபிர். “நானும் உங்கடதான் வாங்குற. பிரச்சினை பிள்ளைக்கு விளங்கின விதத்தில.”

“அப்ப விளங்காம இருந்திருந்தா?”

“விளங்காம இருந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல.” அவர் இதை எந்தக் கிண்டலும் இல்லாமல் சொன்னார்.

“அப்ப இவளப் பள்ளிக்கு அனுப்பினதுதான் எங்கட பிழை.” நஸ்ரியா மதிவதனாவின் பக்கம் திரும்பினாள். “டீச்சர், என்னையும் ஒரு வருசம் வகுப்பேத்தாம நிப்பாட்டினாங்க. கூடப் படிச்சவங்களெல்லாம் முன்னுக்குப் போனாங்க. அதுக்குப் பிறகு நான் பள்ளிப் பக்கம் போகல்ல. இவளும் என்னப் போலத்தான், ரோசக்காரி. ஒரு நாள் அந்தக் கொட்டிலுக்க இருந்தாப் போதும், புத்தகத்தத் தூக்கி அடுப்புக்க வைச்சிருவாள்.”

மதிவதனா, “நான் கதைச்சுப் பாக்கிறன்,” என்றாள். கதைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனால் வழி ஒன்று தானாக வந்தது. மாகாணப் பணிப்பாளர், வெளிநாட்டு விருந்தினர்களோடு பள்ளிக்கூடத்துக்கு வருவதாக அறிவித்தார். விருந்தினர்களுக்குக் காட்ட ஒரு வெற்றிக் கதை வேண்டும். தவராசா மதிவதனாவைத் தேடி வந்தார். அவர் குரலில் ஒரு உபகாரியின் கனிவு இருந்தது.

“டீச்சர், அந்தப் பிள்ளைதான் பொருத்தம். நல்லாக் கதைக்கும், பயமில்ல. மேடைக்கு வந்து ரெண்டு வசனம் சொன்னாப் போதும். ‘எனக்கு முன்பு ஒன்றுமே தெரியாது. தராசு வந்த பிறகுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது.’ அவ்வளவுதான். பிறகு கொட்டில் தேவையில்ல, நான் பொறுப்பு. நீங்கள் பழக்கிவிட்டாச் சரி.”

“ஓம் சேர்,” என்றாள் மதிவதனா.

ஓம் என்பது அவளுக்கு இலகுவாக வரும். வாழ்க்கையில் வந்த ஒவ்வொரு புதிய கட்டளையையும் அவள் அதற்கு முந்திய கட்டளையைக் கொண்டுதான் விளங்கிக்கொண்டிருக்கிறாள். அதிபரை அப்பாவைக் கொண்டு, பணிப்பாளரை அதிபரைக் கொண்டு. எங்கே தொடங்கியது என்று பார்த்தால், சிறுமியாக இருந்தபோது பிடிக்காத பாவாடையைப் பிடிக்கிறது என்று சொன்ன ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. பிள்ளை கொட்டிலுக்குப் போகாமல் இருக்கும், இரண்டு வசனம்தானே என்று தனக்குச் சொன்னாள். அந்த ‘தானே’ கூடப் பழையதுதான்.

நூலகத்தில் வைத்து நுஸ்ரத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

“அது பொய்தானே டீச்சர்?”

“ஒரு நாளைக்கு மட்டும்.”

நுஸ்ரத் யோசித்தாள். “கொட்டிலுக்குப் போகத் தேவையில்லையா?”

“தேவையில்ல.”

“அப்ப சரி.” உடனே சொன்னாள், தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு, ‘ஒன்றுமே’ என்ற இடத்தில் கண்களைத் தாழ்த்திக்கொண்டு. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மதிவதனா அவளை வாரம் முழுவதும் பழக்கினாள். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட நன்றாக இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் கணித பாடத்தில் மதிவதனா 2x + 3 = 9 என்று பலகையில் எழுதினாள். மூடின பெட்டிகள் இரண்டு. நுஸ்ரத் துள்ளி எழும்புகிற கணக்கு அது. அவள் எழும்பவில்லை.

“நுஸ்ரத்?”

“தெரியா டீச்சர்.”

விளையாடுகிறாள் என்று நினைத்து மதிவதனா கிட்டப் போனாள். பிள்ளையின் முகத்தில் விளையாட்டு இல்லை.

“தெரியுமே உங்களுக்கு. மேல கட்டின மூண்டு சட்டியை முதலில எடுக்கிறது.”

“எடுத்தா என்ன வரும்?” என்று நுஸ்ரத் கேட்டாள். பிறகு மெதுவாக, “டீச்சர், ஒண்டுமே தெரியாதெண்டு சொல்லச் சொல்ல அப்பிடித்தான் இரிக்கு. எனக்கு முந்தித் தெரிஞ்சதா, இல்லாட்டி நானாச் சும்மா சொன்னதா எண்டு இப்ப சரியா விளங்குதில்ல,” என்றாள்.

பின்னால் யாரோ பழக்கத்தில், “வாப்பா விழுந்துட்டார்,” என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்று இரவு மதிவதனா நித்திரை கொண்டாள். நித்திரை வராது என்று எதிர்பார்த்திருந்தாள், வந்துவிட்டது. அதற்காகத்தான் காலையில் எழும்பியபோது தன்மேல் அவளுக்கு மிகவும் வெறுப்பாக இருந்தது.

விழா நாளில் கச்சான் காற்று பலமாக அடித்தது. மைதானத்தில் போட்ட பந்தல் உப்பி உப்பி அடங்கியது. விருந்தினர்களுக்குக் கதிரை போதாததால் எட்டாம் வகுப்பை வகுப்பறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். பெயர் கூப்பிடும்போது நுஸ்ரத்தை அனுப்பினால் போதும். புதிய வெள்ளைப் பர்தாவோடு அவள் மர வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

யன்னலால் மேடை நன்றாகத் தெரிந்தது. அலுமாரியிலிருந்து தராசை எடுத்து மேடையில் வைத்திருந்தார்கள். பணிப்பாளர் பேச எழுந்தபோது ஒரு காற்று வந்து வலது தட்டில் கிடந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டது. இடது தட்டு டங் என்று இறங்கியது. உத்தியோகத்தர் ஒருவர் ஓடிவந்து, தராசின் பின்னால் குந்தியிருந்து, வலது தட்டை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தார். தட்டுகள் நேராக நின்றன. பேச்சு முடியும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

“ஒரு பிள்ளையின் அறிவு என்பது வெறும் நிலம்,” என்று பணிப்பாளரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “அந்த நிலத்தில் அனுமதி இல்லாமல் முளைத்ததை எல்லாம் பிடுங்கிவிட்டு, பிள்ளைக்கு ஏற்கனவே என்ன தெரிந்திருக்கவேண்டும் என்பதை நாமே நாட்டுகிறோம். இதை நான் என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். சிறுவயதில் எனக்கு எதுவுமே தெரியாது. அந்தத் தூய்மையை இந்த இருக்கைக்கு வந்த பிறகும் நான் கைவிடவில்லை.”

கை தட்டினார்கள். வெளிநாட்டு விருந்தினர்களும், எல்லோரும் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார்கள்.

“இப்பொழுது நமது வெற்றியின் சான்றாக, மாணவி நுஸ்ரத்.”

நுஸ்ரத் எழுந்தாள். கண்களை இப்போதே தாழ்த்திக்கொண்டிருந்தாள். வாசலை நோக்கி அவள் ஒரு அடி வைத்தபோது மதிவதனா, “இருங்க,” என்றாள். பிள்ளை திரும்ப வாங்கில் இருந்தாள்.

பெயர் மறுபடியும் கூப்பிடப்பட்டது. இன்னும் ஒரு தடவை. பிறகு தவராசா மைதானத்தைக் கடந்து வேகமாக வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“டீச்சர், பிள்ளையைக் கூப்பிடுகினம். கேக்கேல்லையா?”

“கேட்டது சேர்.”

“அப்ப அனுப்புங்கோ.”

“அனுப்பமாட்டன்.”

அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தார். “உடம்பு சரியில்லையா பிள்ளைக்கு?”

“நல்லா இருக்கிறா.”

“வசனம் பாடமில்லையா? பாத்து வாசிக்கலாம், பிரச்சினை இல்ல.”

“வசனம் நல்லாப் பாடம்.”

“அப்ப என்ன, அதிபர் மறிச்சவரா?”

“இல்ல சேர். நான்தான். அனுப்பமாட்டன்.”

“டீச்சர், எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். இப்ப அனுப்பாட்டி நாளைக்குக் கொட்டில்தான். எனக்கு வேற வழியில்ல.”

“கொட்டிலுக்கு நான்தானே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும்,” என்றாள் மதிவதனா. குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இது அவளுக்குத் தெரியாத குரல். இதை எதோடு ஒப்பிடுவது என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. “அதுக்கும் கூட்டிக்கொண்டு போகமாட்டன்.”

தவராசா வாசலிலேயே நின்றார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கி, எத்தனையோ வீடுகள், எத்தனையோ தண்ணீர்த் தாங்கிகள், எத்தனையோ ஆசிரியர்கள் எல்லாவற்றையும் நினைவில் புரட்டுவதுபோல் நின்றார். ‘மாட்டன்’ என்ற இந்தச் சொல்லை விளங்கிக்கொள்வதற்கு உதவியான ஒன்று அவருடைய சேவைக்காலத்தில் எங்கேயும் இருக்கவில்லை.

ஒலிபெருக்கி நான்காவது தடவையாகக் கூப்பிட்டது.

மதிவதனா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெண்கட்டியை எடுத்தாள். நேற்றைய சமன்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. அதன் கீழே ஒன்றும் எழுதாமல், நுஸ்ரத்தின் வாங்குக்குப் போய், வெண்கட்டியை அவளுக்கு முன்னால் வைத்தாள்.